திருச்சியில் ஒரு திராட்சை நிபுணர்

திருச்சி ஜங்ஷனுக்கு எதிரே நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்கிறேன். ரயிலில் கூட வந்த புதுச்சேரிப் பிரமுகர் பேச்சை நிறுத்துவதாக இல்லை. பிரான்ஸில் ஆறு மாதம் இருந்தவராம். அங்கே போர்தோ பக்கம் சரளை மண், தடித்த தோல் திராட்சை. அதனால் ஒயின் துவர்க்குமாம். பர்கண்டியில் சுண்ணாம்பு மண், மெல்லிய தோல். ஒயின் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகுமாம். முகர்ந்தாலே ஊரைச் சொல்லிவிடுவாராம். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

மதுவிலக்கு ஊரில் மருந்தென்ற பெயரில் கொஞ்சம் போதை தருவது திராட்சாரிஷ்டம்தான். பிரமுகர் அஜீரணம் என்று சொல்லி அதைக் கேட்கிறார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி முகர்கிறார்.

"பட்டை வாசனை வருது பாருங்க. மலைச்சரிவுல, குளிர்ல பழுத்த கறுப்புத் திராட்சைக்குத்தான் இது வரும். எந்த மலைங்க?"

கடைக்காரர் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பட்டையே போட்டிருக்குங்க. ஏலக்காய், மிளகும் உண்டு. திராட்சை, பெரியகடை வீதியில மூட்டையா வாங்கின உலர்ந்த பழம். எந்த ஊருன்னு அந்த மண்டிக்காரருக்கே தெரியாதுங்க."

பிரமுகர் பாட்டிலை மூடுகிறார்.

"ரெண்டு பாட்டிலா கட்டுங்க" என்கிறார்.

அஜீரணம் இப்போதுதான் நிஜமாகத் தொடங்கியிருக்க வேண்டும்.