பாய்லர்காரர் வீட்டு ஒருசந்தி

1998-ஆம் ஆண்டு. திண்டிவனத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத வயதானவர்களை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பிரம்மதேசம் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. என் அதிர்ஷ்டம், அவர்களில் பாதிப்பேர் தனியாக வாழும் ஆண்கள். பெண்களாவது போனதும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இவர்களோ என் மொபெட் சத்தம் கேட்டதும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, போட்டோ எடுக்க உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள். எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்பதுதான் பதில்.

அவர்களில் ஒருவர் அரிசி ஆலையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்ந்தவர். கிறிஸ்தவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் விழுப்புரத்தில். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் பெரிய ரோஷக்காரர். பெண் துணை இல்லாத வீட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் நான் போகும் வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு நாற்காலியை வாசலில் போட்டு வைத்திருப்பார். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாப் பரிசோதனையும் தெருவில்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் "இன்னா மாமா, இன்னிக்கி எவ்ளோ கீது?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை போனபோது நாற்காலி இருந்தது, அவரைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் போட்ட சட்டம் ஒரு கணம் என்னைத் தயங்க வைத்தது. பிறகு, ஆனது ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

தரையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது. ஓடிப்போய் அடுப்படியில் தேடினால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை இல்லை. எப்படி இருக்கும்? வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது என்று மிரட்டியதே நான்தானே! வாசலுக்கு வந்து கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

டம்ளரை வாயருகில் கொண்டுபோனால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்மா... இன்னிக்கி ஒருசந்தி" என்று குழறினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அக்காதான், "தவக்காலம் இல்ல? வெள்ளிக்கிழமைல மத்தியானம் வரைக்கும் பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டாரு மாமா" என்றார். காலையில் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். நான் வந்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்பேன், விரத நாளில் பொய் சொல்லக் கூடாது, அதனால் போட்டுவிட்டார்!

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், மொதல்ல குடிங்க தாத்தா" என்று போட்டேன் ஒரு அதட்டல். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம் எனக்குத்தான் தெரியும். மெல்ல மெல்ல முழு டம்ளரும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. தெளிந்ததும் முதல் காரியமாக, "நீ ஏம்மா உள்ள வந்த?" என்று கேட்டாரே பார்க்கணும்!

வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசந்தி கிடையாது என்று பங்குச் சாமியாரே அவரிடம் சொல்லியிருக்கிறாராம். எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"ஆலைல இருக்க சொல்ல நெறைய குடிப்பேன் நர்சம்மா. நான் குடிய வுடணும்னு அவதான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒருசந்தி இருந்தா. நானும் வுட்டுட்டேன். அவ பூட்டா. இப்ப அவளுக்காக யாரு இருக்கறது?"

சாப்பிடாமல் இருந்தால் இன்னொரு முறை அவரைக் காப்பாற்ற முடியுமோ என்னமோ. சாப்பிடச் சொன்னால் மனைவிக்குத் துரோகம் செய்தது போலாகிவிடும் அவருக்கு. திடீரென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அவங்களுக்காக நான் இருக்கறேன் தாத்தா. நீங்க காலைல கஞ்சி குடிச்சிட்டு மாத்திர போடுங்க."

"நீ வேற சாமி கும்புடறவ ஆச்சே."

"பசி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். வாசலில், நான் பார்க்கவேண்டும் என்றே, கேப்பைக் கூழைக் கரைத்து முழுச் சொம்பும் குடித்து முடித்தார். "நீ நெஜமா இருக்கறியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நம்பினார். அவர் இருந்த வரைக்கும் ஒவ்வொரு தவக்காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. நானும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனாலும் தவக்காலத்தின் கடைசி வெள்ளியான பெரிய வெள்ளி அன்று மட்டும் இன்றும் மதியம் வரை சாப்பிடுவதில்லை. "கிருத்திகைக்கு ஒழுங்கா இருந்ததில்ல, இதுக்கு மட்டும் இருக்கறாளாம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பதினொரு மணிக்கு மேல் பசி வயிற்றைக் கிள்ளும்போது, நான் முகம்கூடப் பார்த்திராத அந்த அம்மாளுக்கு உலகத்தில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு நிறைவு வரும்.