பிஞ்சு கிள்ளாத ஆப்ரிகாட் மரம்

என் மகள் வசிக்கும் ஊரில் வெயிலைச் சுவர்தான் சேர்த்துவைக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் சிறிய ஊர் அது. அங்கே ஆப்ரிகாட் கன்றைத் தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டி நட்டு, கிளைகளை விசிறிபோல விரித்துக் கம்பிகளில் கட்டிவிடுகிறார்கள். பகலில் சுவர் வாங்கிக்கொண்ட சூடு ராத்திரியில் மரத்துக்குக் கிடைக்குமாம். இதை எனக்குச் சொன்னவள் மகள். மகளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அம்மாள்.

நான் தாவரவியல் படித்தவள். ஆரணியில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். மகரந்தம், சூல்முடி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் மகள். இன்று அவள் பூவைப் பற்றிச் சந்தேகம் கேட்பது இன்னொருத்தியிடம்.

ஆப்ரிகாட் என்றால் தீபாவளிக்கு வரும் உலர்பழப் பெட்டியில் சுருங்கிக் கிடக்கும் பழம்தான் எனக்குத் தெரியும். மரத்தைப் பார்த்ததில்லை. மகளுக்காகக் கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். குளிர்காலம் சரியாக அமையாவிட்டால் பூக்காது. ஆனால் பூத்தபிறகு அதே குளிர்தான் எமன். மற்ற மரங்கள் விழிக்கும் முன்பே அவசரப்பட்டுப் பூத்துவிடும். ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், பூவெல்லாம் கருகிவிடும். இத்தனையும் தெரிந்துகொண்டு நான் போன் செய்தபோது, அவளுக்கு எல்லாமே ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த மரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தார். காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தது எல்லாம் அந்த அம்மாள்தான். எனக்குத் தகவல் வந்தது மறுநாள் மத்தியானம். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். இன்றைக்கும் வழக்கமில்லாத நேரத்தில் மகளின் பெயர் கைபேசியில் ஒளிர்ந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மாள் தொட்டியில் ஒரு ஆப்ரிகாட் கன்றை வாங்கிவந்து, அழுதுகொண்டிருந்த பெண்ணின் கையில் மண்வெட்டியைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேருமாகக் குழி தோண்டி நட்டார்கள். அன்றைக்கு வந்த போட்டோவில் என் மகள் லேசாகச் சிரித்தாள். நான் தினம் போனில் பேசிப் பேசி வரவழைக்க முடியாத சிரிப்பு அது.

இந்த வருஷம் மரம் முதல்முதலாகப் பூத்தது. என் மகளும் மறுபடி உண்டாகியிருந்தாள். ஆகஸ்டில் பிரசவம் என்றார்கள். நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். அங்கே பிரசவ அறைக்குள் இரண்டு பேர் கூட இருக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒருவர் அவர். இன்னொருவர் யார் என்று மகளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெற்றவள் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற இடமா அது?

ஒருநாள் வீடியோவில் மரத்தைக் காட்டினாள். இலையே இல்லாத குச்சிகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. முந்தின ராத்திரி போர்த்தியிருந்த வெள்ளைத் துணி சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. அவள் கையில் ஓவியம் வரைகிற பிரஷ்.

"தேனீயே இல்லியேடி," என்றேன்.

"இந்தக் குளிர்ல அது எங்கம்மா வரும்? நான்தான் ஒவ்வொரு பூவா தடவிகினு இருக்கேன். ஆன்ட்டி சொல்லிக் குடுத்தாங்க."

"ஏன், நான் சொல்லிக் குடுக்கலியா? பத்தாவதுல?"

"நீ போர்டுல சொன்ன. அவங்க பூவுல காட்டினாங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். கூடத்தில் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஓடும் எங்கள் தறிகளுக்கு அனுப்பவேண்டிய பட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்த என் கணவர் சத்தமாகச் சிரித்தார்.

"இன்னாங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்லேன், நீயும் எதாவது சொன்ன மாதிரி இருக்கும்."

நிஜமாகவே சொன்னேன். "ஆன்ட்டியக் கேட்டுச் சொல்றேம்மா" என்று பதில் வந்தது.

மே மாதம் ஒருநாள், மாடியில் கோடை வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பயத்தோடு எடுத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மரம்தான் விஷயம்.

"கொத்துக் கொத்தா காச்சிருக்கும்மா. எடைவெளி விட்டு ஒண்ணு ஒண்ண மட்டும் வெச்சிட்டு, மீதியெல்லாம் கிள்ளிப் போடணுமாம். இல்லன்னா ஒண்ணும் பெருசாவாதாம், கிளையும் தாங்காதாம்."

"சரிதான். கிள்ளிப் போடு."

அவள் வேகமாக மூச்சு வாங்குவது கேட்டது.

"ஆன்ட்டி நேத்தே கிள்ளச் சொன்னாங்க. கைய வெச்சேன்மா. முடியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வரண்டாவுக்கு வந்து நின்றுகொண்டேன். பாடப்புத்தகம் அந்த அம்மாள் பக்கம்தான் இருந்தது. ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் உண்டு.

"நீ ஏன் கிள்ற? புள்ளத்தாச்சி பிஞ்சக் கிள்ளக்கூடாதுடி. உனக்கு யாரும் சொன்னதில்லியா?"

"நெஜமாவா? அப்பிடி ஒண்ணு கீதா?"

"கீது. என் மாமியார் என்னை முருங்கப் பிஞ்சுகூட ஒடிக்க விட்டதில்ல."

அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் மறுமுனையில் அவள் மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது.

"அப்ப ஆன்ட்டிய கிள்ளச் சொல்லட்டா?"

"வேணாம். குழந்த பொறக்கற வரைக்கும் யாரும் அதுல கை வெக்க வேணாம்னு சொல்லு."

இந்தக் கடைசி விதி எங்கள் வழக்கத்தில் இல்லை. அந்த நிமிஷம் நானே போட்டது.

அந்த அம்மாள் இதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அவளோ வழக்கத்தை முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பிஞ்சைக்கூடத் தொடாமல், கனக்கும் கிளைகளுக்கு அடியில் மூங்கில் குச்சிகளை முட்டுக்கொடுத்துவிட்டாள். காய்கள் நெல்லிக்காய் அளவிலேயே நின்றுபோயின. எல்லாம் சின்னச்சின்னதாக, எல்லாம் மரத்திலேயே.

ஜூலையில் விசா வந்தது. அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"ம்மா, உள்ள நீதான் வரணும். அவரும் நீயும்."

பக்கத்திலிருந்த கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"ஆன்ட்டிதான் சொன்னாங்க. மரத்து விஷயத்துல உங்கம்மா சொன்னப்புறம்தான் உனக்குத் தூக்கமே வந்திச்சி, உனக்கு எது வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியுது, உள்ள அவங்களையே கூப்புட்டுக்கோன்னாங்க. நான் சமையலும் மரமும் பாத்துக்கறேன்னாங்க."

நான் கேட்காமலே கிடைக்க வேண்டும் என்று மாசக்கணக்கில் காத்திருந்த இடம் கிடைத்துவிட்டது. அதையும் அந்த அம்மாள்தான் எழுந்து நின்று எனக்குக் கொடுத்திருக்கிறாள், பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுப்பதைப் போல.

"அப்ப மொதல்ல அவங்களத்தான் கூப்பிட்டிருந்தியா?"

"ம்மா..."

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா எதையும் கேக்கமாட்ட."

போனை வைத்தபிறகு கணவர் பீரோவைத் திறந்து, தறியிலிருந்து புதிதாக வந்த புடவைகளைக் கட்டில்மேல் பரப்பினார். "அந்தம்மாவுக்கு வெறுங்கையோட போவக் கூடாது. நம்ப பொண்ண அந்த நேரத்துல பாத்துகினவங்க. இந்த மயில்கழுத்துக் கலரு எடுத்து வெக்கட்டுமா?"

அவர் சொன்னது நியாயம். பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"புடவ குடுக்கலாங்க," என்றேன். "மயில்கழுத்து வேணாம். அது பொண்ணுக்கு. அவங்களுக்கு வேற எதாவது எடுங்க."

"இதுதாண்டி இருக்கறதுலயே நல்லது."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அரக்குப் புடவையை எடுத்து நீட்டினார். ஜரிகை கொஞ்சம் குறைவு. நான் அதை வாங்கிப் பெட்டியில் அடியில் வைத்தேன்.