ஜீப் நின்ற பக்கம் புகை இல்லை

கம்பத்தில் எங்கள் தெரு தெற்கு வடக்காக ஓடுவது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் இருபுறமும் மாடிகள் எழுந்தன. கீழே தெருவுக்கு விட்ட இடத்தை எல்லாரும் மேலே பிடித்துக்கொண்டோம். நானும்தான். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அகலத்துக்குத் தெரியும்.

கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்ற, விடியற்காலையில் என் வாசலில் ஜீப்புகள் நிற்கும். எஞ்சினை அணைத்தால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால் எந்த டிரைவரும் அணைப்பதில்லை. கடைசிப் பெண் தூக்குவாளியோடு வந்து சேரும்வரை டீசல் புகை எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

என் மனைவிக்கு மூச்சிழுப்பு உண்டு. ஆனி பிறந்ததும் சொல்லிவிட்டாள்: "இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் அனுமந்தன்பட்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க புகையோட குடும்பம் நடத்துங்க."

சொன்னால் செய்பவள். எனக்கோ ரசம்கூட வைக்கத் தெரியாது.

நாங்களெல்லாம் களத்தில் நெல் தூற்றிய குடும்பங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தூசி நம்மேல் விழாது என்பது பால்குடிப் பாடம். ஆனி, ஆடியில் காற்று மேற்கு மலையிலிருந்து வரும். என் வீடு மேற்கு வரிசை. ஜீப்புகளைக் கிழக்கு வரிசை ஓரமாக நிறுத்தினால் புகை அந்தப் பக்கமே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் இருப்பவர் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர். எங்கள் ஊர் வழக்கப்படி அவருக்கு நான் மச்சான், என் மனைவி அக்கா; எனக்கு அவர் மாப்பிள்ளை. கூச்சத்தோடுதான் கேட்டேன்.

"தாராளமா நிப்பாட்டச் சொல்லுங்க மச்சான். எங்கக்கா மூச்சு விடணும்ல. என் பொண்டாட்டி மீன் வறுக்கயில வராத புகையா இது?"

ஜீப்புகள் இடம் மாறின. மனைவியின் இழுப்பு மாறவில்லை, கூடியது. அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

மறுநாள் விடியலில் சாம்பிராணித் தூபத்தை மூட்டி, மாப்பிள்ளை வாசலில் நின்ற ஜீப்பின் பின்னால் வைத்து, புகையையே பார்த்துக்கொண்டு குத்தவைத்தேன்.

"என்னண்ணே, வண்டிக்குப் பூசையா?" என்றார் டிரைவர். "அப்படியே டயருக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வைங்க. பிரேக்கு சரியில்ல."

உள்ளே இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புகை மாப்பிள்ளை வீட்டுப் படியைத் தொடவில்லை. தரையோடு தவழ்ந்து, தெருவைக் கடந்து, என் வாசலுக்கு வந்து, சுவரேறி மாடிக்குப் போனது. மேற்குக் காற்று கூரைகளுக்கு மேலாகப் பாய்ந்து, எதிர்வரிசை மாடிகளில் முட்டி, கீழிறங்கி, என் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. களத்துமேட்டில் நேராகப் போகிற காற்று எங்கள் தெருவில் குட்டிக்கரணம் போட்டது.

மாப்பிள்ளையின் மனைவி வாசலில் நின்றபடி என் மனைவியைக் கூப்பிட்டார். "இங்கன ஒரு புகையும் இல்லயே மதினி. பெட்டியத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் எதுக்குப் போறீக? இங்கிட்டு வாங்க."

அன்றிலிருந்து விடியும்போது என் மனைவி காப்பி டம்ளரோடு எதிர்வீட்டுக்குப் போவாள். உறுமுகிற ஜீப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சுகமாக மூச்சு விடுவாள். நான் என் வீட்டில் இருமிக்கொண்டு பால் பொங்காமல் பார்த்துக்கொள்வேன். பெட்டி மறுபடி பரணேறியது.

ஐப்பசியில் காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. ஒருநாள் விடியலில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இருமிக்கொண்டே மாப்பிள்ளை. பின்னால் டீ பிளாஸ்க்கோடு அவர் மனைவி.

"நகருங்க மச்சான்," என்றார். "காத்து மாறிருச்சு."