முதலில் வந்து சேர்ந்த ஊர்

தகேஷிதா இவாவோவின் தாடியைப் பல வருஷங்களாக நான்தான் மழித்து வருகிறேன். கத்தி தொண்டைக்குழியில் இருக்கும்போதுகூட அவர் பேச்சை நிறுத்தியதில்லை. மற்ற ஆண்கள் நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர் மட்டும் சோப்பு நுரைக்குள்ளிருந்து, தன்னால்தான் இந்த ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை கை தவறினால் நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைக்காத மாதம் கிடையாது. நான் தொழில் தெரிந்தவளாகப் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

ஜப்பானில் சகுராஜிமா என்ற எரிமலைத் தீவில், மலையின் காலடியில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது எங்கள் ஊர். இவாவோவுக்குச் சரிவில் ஒரு சின்ன ஆரஞ்சுத் தோட்டம். அவருக்கு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மரங்களின் மேல் விழும் சாம்பலைக் கழுவியதும், காய் பறித்ததும், கூடை சுமந்ததும் அவர் மனைவி நோபுயோ. அவர் ஊர்த் தலைவராக இருந்தார். எங்களிடத்தில் அந்தப் பதவி வீட்டுக்கு வீடு சுற்றி வரும் ஒரு தலைவலி. சாம்பல் மூட்டைகளை எங்கே அடுக்குவது, சாம்பல் விழாமலிருக்கக் கல்லறைகளுக்கு மேலே போட்ட கூரைகளை இந்த வாரம் யார் கூட்டுவது என்று எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குகிற வேலை. இவாவோவின் முறை வந்தது. அவர் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவே இல்லை. அடுத்த வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். இன்று மலை அமைதியாக இருக்கும், காற்று தெற்கே அடிக்கும், தைரியமாகத் துணி காயப்போடலாம் என்பார். அதைக் கேட்டதும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கொடியில் கிடக்கும் துணியை உள்ளே எடுத்துவிடுவோம். அவ்வளவு கச்சிதமாகத் தப்பாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்தால் போதும், அவர் மலையைப் பார்த்து நின்றுகொண்டு, அது தன் பேச்சை மீறியதில்லை என்று பீற்றிக்கொள்வார். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு அவரோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

போட்டோதான் அவருடைய பலவீனம். வருஷா வருஷம் ஜனவரியில், அந்தக் காலத்துப் பெரிய வெடிப்பை நினைத்து, தீவு முழுக்க வெளியேறும் பயிற்சி நடக்கும். சங்கு ஊதியதும் வீட்டைப் பூட்டி, வாசலில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் பஸ் ஏற வேண்டும். துணி கட்டியிருந்தால் இந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். தீயணைப்புத் தொண்டர்கள் கதவைத் தட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள், பஸ்ஸும் நிற்காமல் போகும். எந்த ஊரில் எல்லா வாசலிலும் முதலில் துணி தெரிகிறதோ அந்த ஊருக்குப் பரிசு. தலைவர் பரிசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். மறுநாள் பத்திரிகையில் அது படமாக வரும்.

எங்கள் ஊர் ஒவ்வொரு வருஷமும் முதலில் வந்தது. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. முந்தின நாள் சாயங்காலமே துணியைக் கட்டிவிடச் சொல்லி இவாவோ வீடு வீடாகப் போவார். பயிற்சி நாளில் பாதிப் பேர் திரையை இழுத்துவிட்டு, போர்வைக்குள் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பார்கள். வெளியே துணி படபடக்கும். அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த ஊரின் கட்டுப்பாடே தனி என்று உருகுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது இடம் பக்கத்திலேயே இருக்கும் மத்சுனோவின் ஊருக்கு. தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தலைவர் அவர். நடக்க முடியாதவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு நிஜமாகவே பஸ் வரைக்கும் போகிற அப்பாவி. தோற்காமல் என்ன செய்வார்?

எங்கள் ஊரில் கடைசியாகத் துணி கட்டுவது என் கடைதான். அதற்காக இவாவோ என் மேல் புழுங்கிக்கொண்டே இருந்தார்.

"உங்க கடை ஒண்ணுதாங்க அக்கா ஊர் மானத்த வாங்குது" என்றார் ஒரு வருஷம்.

"போட்டோல அழகா விழணும்னு உங்க ஆளுங்கதான் இங்க வரிசையா உக்காந்திருக்காங்க, தலைவரே. நீங்க உள்பட" என்றேன்.

நோபுயோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம், ககோஷிமா நகரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டியதை எல்லாம் அந்த வீட்டில் மாமியாரே பேசிவிடுவாள். சோறு குழைந்தது, கூட்டின இடத்தில் சாம்பல் இருக்கிறது, நகரத்துப் பெண்ணுக்கு எதுவும் விளங்காது என்று கிழவி கடைசி மூச்சு வரைக்கும் குறை சொன்னாள். படுக்கையில் விழுந்த பிறகு அவளைத் துடைத்து, திருப்பிப் போட்டு, ஊட்டியது நோபுயோ. இவாவோ வாசற்படியில் நின்று, அம்மா, இந்த வருஷமும் நாமதான் முதல் என்று சொல்லிவிட்டுப் போவார். அது அவர் செய்த பணிவிடை. கிழவி வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஆகஸ்டில், இறந்துபோனவர்களின் ஆத்மாக்கள் வீட்டுக்கு வந்து தங்கும் நாட்கள் வந்தன. கிழவிக்கு அது முதல் வருகை. முதல் வருகையை யாரும் ஏனோதானோ என்று செய்வதில்லை. நோபுயோ கல்லறையிலிருந்து விளக்கோடு வீடு வரைக்கும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, பூஜைமாடத்தில் அவள் பெயர் எழுதிய கறுப்புப் பலகைக்கு முன்னால் மூன்று வேளையும் சாப்பாடு வைத்தாள். சோறு குழையாமல் பார்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். வழியனுப்ப இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று காலையில்தான் மலை உறுமத் தொடங்கியது.

எங்களுக்கு உறுமல் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அது நிற்கவில்லை. தரை சன்னமாக நடுங்கிக்கொண்டே இருந்தது, கடைக் கண்ணாடி கிணுகிணுவென்றது. கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. பயிற்சி இல்லை, நிஜம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் போக வேண்டும், பஸ்கள் வருகின்றன என்றார்கள்.

நான் கத்திகளைத் துணியில் சுற்றி, தண்ணீர்க் கொதிகலனை அணைத்து, கடையைப் பூட்டுவதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள். கடைசி பஸ் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. அது இவாவோவின் வீட்டைத் தாண்டித்தான் என் கடைக்கு வர வேண்டும். துணி கட்டாத ஒரே வாசல் என்னுடையது என்பதால் என் கடையில் மட்டும் நின்றது. நான் ஏறும்போது வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. பஸ்ஸின் கூரையில் சின்னச் சின்னக் கற்கள் விழுந்துகொண்டிருந்தன.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நுழைந்தபோது இவாவோ டிவிக்காரர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். எங்கள் ஊர் முழுசாக வந்தாகிவிட்டது, ஓர் ஆள் பாக்கியில்லை, தீவிலேயே முதலில் வந்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கடைசியாக வந்தவள் இல்லையா நான்.

நான் நோபுயோவைத் தேடினேன். பெண்கள் டீ ஊற்றும் இடத்தில் இல்லை. வேலை இருக்கும் இடத்தில் அவள் இல்லாமல் நான் பார்த்ததில்லை. காமிரா நகர்ந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன்.

"அடுத்த பஸ்ல வர்றா" என்றார்.

நான் வந்ததுதான் அடுத்த பஸ், அதற்குப் பிறகு பஸ் கிடையாது என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நடந்ததைத் தணிந்த குரலில் பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். வந்திருக்கும் ஆத்மாவை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, பலகையிடம் சொல்லி, விளக்கைக் குளிரவைத்து, கையோடு எடுத்துக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று நோபுயோ கேட்டிருக்கிறாள். மத்சுனோவின் ஊர் பஸ் அதற்குள் கிளம்புவது கண்ணில் பட்டதாம். மனுஷன் பொறுப்பாரா? பின்னாலேயே வா என்று சொல்லிவிட்டு, வாசலில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, முதல் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார். உள்ளே பெண்டாட்டி, வெளியே துணி. கடைசி பஸ் அந்தத் துணியைப் பார்த்து நிற்காமல் என்னிடம் வந்துவிட்டது. தொண்டர்களும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மலை வெடிக்கிற அன்றைக்கும் அதே பொய்யைக் கட்டிவிட்டு வருவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

மத்சுனோ கூடத்தின் மறு மூலையில்தான் நின்றுகொண்டிருந்தார். இருபது அடி நடந்து போய், துணி பொய், வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னால் போதும். இவாவோவால் அது முடியவில்லை. வெளியே போய் யாருடைய வண்டியையோ கேட்டார். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் விடவில்லை. எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, தோட்டத்தில் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல அந்த வாய் திறக்கவில்லை. வேர்த்து வழிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"சத்தம் போடாதீங்க அக்கா. டிவிக்காரங்க கிளம்பட்டும். அப்புறம் நானே மெதுவா சொல்லிக்கிறேன்."

அப்போது கூடத்தின் தரை ஒரு தடவை பலமாக ஆடியது. குழந்தைகள் அழுதன. காமிராவுக்குக் கேட்கும்படியாகவே கூப்பிட்டேன்.

"மத்சுனோ அண்ணே, தலைவர் வீட்டுத் துணி பொய். உள்ள நோபுயோ இருக்கா."

மத்சுனோ வந்து இவாவோவின் முகத்தைப் பார்த்தார். கோபப்படத் தெரியாத மனுஷன்.

"அப்போ உங்க ஊர்ல எந்தத் துணிய நாங்க நம்பறது, தலைவரே?"

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் ஆரஞ்சு தின்ற வாய்கள் அல்லவா. ஊரையே தலை தலையாக எண்ணும்படி ஆயிற்று. வேறு யாரும் விடுபடவில்லை, அது எங்கள் புண்ணியம் இல்லை. மத்சுனோவும் இன்னும் இருவரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கல் விழும் சாலையில் வண்டியை எடுத்தார்கள். இரண்டாவது இடத்து ஊர்க்காரர்கள்.

அவர்கள் திரும்பி வரும்வரை இவாவோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று கேட்பீர்கள். அழுதார். நோபுயோவுக்காகவா, போன மானத்துக்காகவா என்று எனக்குத் தெரியாது. இரக்கப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

நோபுயோ வீட்டில் இல்லை. பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில், கல் விழுந்தால் ஒதுங்க நாங்கள் கட்டி வைத்திருக்கும் கான்கிரீட் குகைக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவள் வாசலுக்கு வரும்போது கடைசி பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்திருக்கிறது. கையை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். சாம்பலில் டிரைவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. தொண்டர்களின் வண்டி வந்தபோதும் கத்தியிருக்கிறாள். மலைச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர்கள் வாசலில் துணியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனதை அந்தக் குகைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள்.

மத்சுனோவின் பின்னால் அவள் கூடத்துக்குள் வந்தபோது முடி, புருவம், இமை எல்லாம் ஒரே சாம்பல். ஏப்ரனில் எதையோ சுற்றி மார்போடு பிடித்திருந்தாள். எல்லோரும் எழுந்து நின்றோம். இவாவோவும் எழுந்தார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ஏதாவது சொல்ல வேண்டும் போல அவருக்குத் தோன்றியிருக்கும்.

"பின்னாலேயே வான்னு சொன்னேன்ல?" என்றார்.

நோபுயோ ஏப்ரனைப் பிரித்து அந்தக் கறுப்புப் பலகையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதன் மேல் ஒரு துளி சாம்பல் இல்லை.

"உங்க அம்மா" என்றாள்.

பிறகு, பாய் கொடுத்துக்கொண்டிருந்த மேஜைக்குப் போனாள். அங்கே இருந்த இளம்பெண் எழுந்து நின்று, தகேஷிதா வீடுதானே, இன்னொரு பாயை அவர் பக்கத்திலேயே போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா. அவரு வீட்ல எல்லாரும் வந்தாச்சுன்னு துணி கட்டி முதல்லயே சொல்லிட்டாரு. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் நோபுயோ. "எனக்குத் தனியா ஒண்ணு குடுங்க."