வெங்கடப்பனுக்கு டி கம்மி

ஓசூர் சிப்காட்டில் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஜோதியம்மாளிடம் எல்லா வியாதிக்கும் மருந்து இருந்தது. தலைவலிக்கு இஞ்சி டீ, வயிற்று வலிக்குப் பால் சேர்க்காத டீ, சூப்பர்வைசர் திட்டினால் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அப்படிப்பட்டவளின் புருஷனுக்கே கிட்னி கெட்டுப்போனது.

எண்பதுகளின் கடைசி அது. வெங்கடப்பனுக்கு அந்தக் கம்பெனியிலேயே நைட் ஷிப்டு. கால் வீங்கிப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய டாக்டர் அரைகுறைத் தமிழில், "தண்ணி கொறைச்சுக்கோப்பா" என்றார். வெங்கடப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாராயக்கடைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுத்ததில்லீங்க!" என்றான். என்ன புரிந்ததோ, டாக்டர் "சந்தோஷம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதே ஆஸ்பத்திரியில் விட்டமின் டி பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் சம்பங்கி என்ற அம்மாள். ஓசூருக்குப் பக்கத்துத் தளி ஊர்க்காரர், வாயைத் திறந்தால் பாதி கன்னடம். கிட்னி கெட்டவர்களுக்கு டி ஏன் குறைகிறது, டி பட்டால் புற்றுநோய் செல் ஏன் அடங்குகிறது, இதுதான் அவருக்கு ராப்பகல் கவலை. மாதம் ஒருமுறை ஓசூர் வந்து, கிட்னிக்காரர்களிடமும் வெயிலையே பார்க்காத நைட் ஷிப்டுக்காரர்களிடமும் ரத்தம் எடுப்பார். "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லப்பா" என்று சொல்லிப் பார்த்தார். கையில் ஊசி இருக்கிறவர் டாக்டரம்மா இல்லாமல் வேறு யார்?

"வெங்கடப்பா, உங்களுக்கு டி ரொம்பக் கம்மி" என்றார் ஒருநாள்.

அவன் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னான். ஜோதியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "டீக்கடைக்காரி புருசனுக்கு டீ கம்மியா? ஊரு காறித் துப்புமேய்யா!"

அன்றிலிருந்து எழுந்தால் டீ, உட்கார்ந்தால் டீ, படுக்கப் போனால் சொம்பு நிறைய டீ. நைட் ஷிப்டுக்காரர்கள் எல்லோருக்குமே கம்மி என்று தெரிந்ததும் கடையில் நிற்க இடமில்லை. "கேன்சருக்கும் டீ கேக்குமாமே?" என்று யாரோ கேட்கப் போக, "இன்னும் தெரியலப்பா. லேப்புல தட்டுல ஊத்தித்தான் பாத்துட்டிருக்கோம்" என்றார் சம்பங்கி. சாயங்காலத்துக்குள் கேட்டு வாசலில் அத்தனை பேரும் டீயைத் தட்டில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடப்பனுக்கோ வீக்கம் முழங்காலைத் தாண்டியது. ஜோதியம்மாள் பெருவிரலால் அவன் காலை அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. பயத்தில் இன்னொரு சொம்பு போட்டாள்.

அந்த மாதம் வந்த சம்பங்கி, சொம்பும் கையுமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏனம்மா இது? என்ன இது?"

"டீங்க. நீங்கதானே கம்மின்னு சொன்னீங்க?"

சம்பங்கிக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு சொம்பைப் பிடுங்கி வீசிவிட்டு, கம்பெனி வேனைப் பிடித்து அவனைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் நீரை இறக்கி, ஆளைப் பிழைக்க வைத்தார்கள்.

"அது குடிக்கற டீ இல்லம்மா. ஏ, பி, சி, டின்னு வர்ற எழுத்து" என்று வராந்தாவில் உட்கார வைத்து விளக்கினார் சம்பங்கி. "வெயில் பட்டா தோல்லயே உண்டாகும். ஆனா அதை ஒடம்புக்கு ஆகற மாதிரி மாத்தறது கிட்னிதான்."

"பால் இருக்கு, அடுப்பு அவிஞ்சு போச்சுங்கறீங்க."

"அதேதான். அதனால காய்ச்சின பாலாவே மாத்திரையில தர்றோம். அப்புறம், தண்ணி கொறைக்கணும்னா சாராயம் இல்ல. டீயும் தண்ணிதான்."

"என் கையாலயே கொல்லப் பாத்தேனே" என்று ஜோதியம்மாள் சுவரில் முட்டிக்கொண்டாள். அந்த நினைப்பு அவளை வெகுநாள் தூங்கவிடவில்லை.

அப்புறம் வெங்கடப்பனுக்குக் காலையில் அரை கிளாஸ் டீ, அதோடு சரி. அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் எச்சரிக்கை போயிற்று. கட்டினவனுக்கே டீ தராதவள் என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சில மாதம் கழித்து சம்பங்கி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கூவினார். "ஜோதியம்மா! வெங்கடப்பனுக்கு டி நல்லா ஏறியிருக்கு!"

ஜோதியம்மாள் கையிலிருந்த வடிகட்டி நழுவியது. வராந்தாவில் கேட்ட பாடமெல்லாம் பறந்துபோக, புருஷன் பக்கம் திரும்பினாள். "எவ கடையிலய்யா குடிச்ச?"

வெங்கடப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். "அத்திப்பள்ளியில... ஒரே ஒரு கிளாஸ். கர்நாடகாவுல குடிச்சா கணக்குல வராதுன்னு நெனச்சேன்."

"அய்யோ, மாத்திரை டி அம்மா! அது ஏறினா நல்லது!" என்று சம்பங்கி தலையில் கைவைத்தார்.

ஜோதியம்மாளுக்கு இப்போது இரண்டும் புரிந்தது. அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவன் காலை மடியில் இழுத்து வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். குழி விழவில்லை. வேறிடத்தில் அழுத்தினாள். அங்கேயும் விழவில்லை. அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்திப்பள்ளி டீ எப்படியிருந்துச்சு?"

"வெறும் தண்ணி" என்றான் வெங்கடப்பன்.