ஏரிக்கு அடியில் சிவப்புப் புழு

ஆரணி, கவின், சனிக்கிழமை உங்கள் நீச்சல் வகுப்புக்கு வராமல் அப்பா எங்கே போனார் என்று கேட்டீர்களே, எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன், மெல்ல வாசியுங்கள்.

காலை 6.10. எங்கள் கம்பனியின் மவுண்ட் வெல்லிங்டன் கிடங்கில் இருபது மூட்டை மீன் தீவனத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினேன். வெல்ஸ்ஃபோர்ட் போவதற்குள் சிவா அண்ணையிடமிருந்து நான்கு அழைப்பு. அங்கே ஏழரை டொலருக்கு வாங்கிய, இறைச்சி அடைத்த மீட் பையைப் பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. அண்ணை ஒரு சின்ன ஏரியில் வலைக்கூண்டு போட்டுப் புல்கெண்டை வளர்க்கிறார். ஏரியின் சேற்றைச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் அன்று சோதிக்கப் போகிறார்கள். முழு ஏரியும் கெட்டதென்றால் கூண்டுகளை எடுக்க வேண்டும்.

9.00. சோதிக்க வந்த கவிதா, மதுரையைச் சேர்ந்த பிள்ளை. கயிற்றில் கட்டிய, சேறு அள்ளும் இரும்புத் தாடையைக் கூண்டுக்குக் கீழே இறக்கித் தூக்கினார். கருஞ்சேறு, கூழ்முட்டை நாற்றம், அதில் நெளிகிற சிவப்புப் புழுக்கள்.

"நிறையப் புழு! அப்ப மண் நல்லம்தானே?" என்றேன். நம் கத்தரிப் பாத்தியில் அப்படித்தானே?

"இல்லண்ணா. மீன் திங்காத தீவனம் கீழ அழுகுது. அந்தச் சேத்துல இது ஒண்ணுதான் தாங்கும். மட்டி, நத்தை எல்லாம் செத்துப்போச்சு."

அடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க, கூண்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, படகுத்துறை அருகே. அங்கேயும் அதே கறுப்பு.

"கூண்டு இல்லாத இடமும் இப்படின்னா, ஏரியே கெட்டுடுச்சுன்னுதான் எழுதணும்."

சிவா அண்ணை துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான் துறையில் இரண்டு தரம் போய் வந்தேன்.

"தங்கச்சி, இஞ்ச கொட்டினது நான்தான்."

இரண்டு வருடமாக, தீவனம் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும், கிழிந்த மூட்டைகளில் சிந்தியதை வானிலிருந்து கூட்டி அந்தத் துறையில்தான் கொட்டினேன். சாப்பாட்டைக் குப்பையில் போட மனம் வருமா? குஞ்சு மீன் தின்னட்டும், புண்ணியம் என்று நினைத்தேன்.

"அடப்பாவி! என்ரை ஏரிக்கு நீ அன்னதானமோ நடத்தினனி?"

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு எத்தனை முறை, எவ்வளவு என்று கேட்டு எழுதினார். பிறகு, தீவனமே விழாத தூரத்துக் கோரைப் பக்கம் படகை விடச் சொன்னார்.

11.20. தாடை திறந்தது. பழுப்புச் சேறு. நத்தைகள், கால் முளைத்த ஒரு பூச்சி, உயிரோடு இரண்டு மட்டி. அண்ணை கண்ணை மூடி மூச்சு விட்டார்.

"ஏரி முழுசும் கெடல. ஆனா ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. கூண்டுக்கடியில செத்தது செத்ததுதான். கூண்ட நகர்த்தி அந்த இடத்தச் சும்மா விடணும். தீனியையும் குறைக்கணும்."

"ஓம், ஓம்" என்றார் அண்ணை. பத்து மூட்டையை இறக்கவே விடவில்லை. "இண்டைக்கு இவ்வளவும் காணும், போதும். உன்ரை புண்ணியத்தை வீட்டை கொண்டு போ." கோபம் முழுதாகப் போகவில்லை.

திரும்பும்போது பாலத்தின் மேலிருந்து துறைமுகத் தண்ணீர் நீலமாகத் தெரிந்தது. நம் ஊர் அழகென்று எத்தனை தரம் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன்! அன்று அதன் அடியில் என்ன இருக்கிறதோ என்றுதான் மனதில் ஓடியது.

2.40. கிடங்கில் யாரும் இல்லை. வானைக் கூட்டினேன். இரண்டு கையளவு தீவனம் சேர்ந்தது. உணவுக் கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கொட்டிவிட்டு மூடியை அழுத்தினேன்.