மூன்று கட்டைக் குரல்

என் குரல் தடித்த குரல். சிறு வயதில் முகத்தைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டவர்கள், வீட்டில் ஆண்பிள்ளை யாரோ இருப்பதாகவே நினைப்பார்கள். வாடிப்பட்டியில் அப்பா மருந்துச்சாலைக் கம்பவுண்டர். காய்ச்சல் மருந்துக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். நான் உள்ளேயிருந்து, "யாரு?" என்பேன். "தம்பி, அப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்லுப்பா" என்று பதில் வரும். நான் பாவாடையோடு வெளியே வந்ததும் முழிப்பார்கள்.

இதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. எனக்கு என் குரல் பிடிக்கும். குளிக்கும்போது தகரக் கதவு அதிரும்படி பாடுவேன். அந்த அதிர்வு நெஞ்செலும்பில் தெரியும். அது ஒரு சுகம்.

மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த வருஷம் எங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள். ஒவ்வொரு பெண்ணையும் தனியாக நிறுத்திப் பாடச் சொல்லி, மெல்லிய குரல்களை முன்னாலும் மற்றவர்களைப் பின்னாலும் பிரித்தார். என் முறை வந்தபோது ஆர்மோனியப் பெட்டியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாடச் சொன்னார். அவருக்கு என் குரல் ரொம்பவும் பிடித்துப் போயிற்று. கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளை அவர்கள் ஊர் முறையில் பல குரலாகப் பிரித்துப் பாடும்போது கீழ்க்குரல் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் இல்லாவிட்டால் பாட்டுக்குத் தரையே இல்லை என்பார்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கீழ்க்குரலுக்கு மெட்டு கிடையாது. முன்வரிசைப் பெண்கள் மெட்டைப் பாடிக்கொண்டு போக, நான் ஒரே இடத்தில் நின்று நின்று நகர வேண்டும். எனக்கு ஆசையெல்லாம் தமிழ்க் கீர்த்தனைகள் மேல். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும் பாட்டு. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு விதமாக எடுத்துப் பாடலாம். அவசரமே இல்லை. ஆனால் கீர்த்தனை பாடும் நாட்களில் சுருதியை மெல்லிய குரல்களுக்கு ஏற்ற உயரத்தில் வைப்பார்கள். அனுபல்லவி மேலே ஏறும்போது நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

படிப்பு முடிந்து வாடிப்பட்டிக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் திண்டுக்கல் பக்கம். பாடச் சொன்னார்கள், பாடினேன். மாப்பிள்ளையின் தாயார் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கோ?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் முந்திக்கொண்டு, "இல்லைங்க, எப்பவுமே இப்படித்தான்" என்றேன். அவர்களிடமிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை.

அடுத்து வந்தவர் உசிலம்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நல்ல பாட்டுக்காரர் என்று அவருக்குச் சுற்றுவட்டாரத்தில் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை அதன்மேல் போய்விட்டது. நான் பாட ஆரம்பித்ததும் குனிந்து கட்டைகளைத் தடவிப் பார்த்து, ஒன்றில் விரலை ஊன்றினார்.

"மூணு கட்டை" என்றார்.

பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். கட்டை ஏற ஏறப் பாட்டும் உயரும். அந்தக் காலத்தில் ஐந்து கட்டையில் பாடினால்தான் பாட்டுக்காரன். நாடக மேடையில் ஆண்களே ஐந்து, ஐந்தரை என்று பாடினார்கள். பெண்பிள்ளை மூன்றில் பாடுவதை யாரும் கேட்டதில்லை.

"கொஞ்சம் மேல எடுத்துப் பாடலாமா?" என்று கேட்டார்.

"மேல எடுத்தா கத்துற மாதிரி இருக்கும். இதுலதான் எனக்குப் பாட்டு வரும்" என்றேன்.

அப்பா இருமினார். வந்தவர் சிரித்துவிட்டு, "சரி, இதுலயே பாடுங்க" என்று துருத்தியை அமுக்கிச் சுருதி கொடுத்தார். நான் முழுக்கப் பாடி முடித்தேன். கலியாணம் அந்த மாதமே நிச்சயமானது. எதற்காகச் சம்மதித்தீர்கள் என்று பிற்பாடு கேட்டபோது, "கடைசி வரைக்கும் சுதி விலகல. அப்புறம், நான் சொன்னதுக்காக மாத்தலை பாரு, அதுவும்தான்" என்றார்.

உசிலம்பட்டியில் எனக்கும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் பாட்டுப் பைத்தியம், ஆனால் வேறு வேறு பைத்தியம். அவருக்கு நாடகப் பாட்டு உயிர். மதுரையில் நல்ல கம்பெனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிப் போய்விடுவார். திரும்பி வந்து ஒரு வாரம் அதே பாட்டுதான். அவர் குரல் ஐந்து கட்டையில் கணீரென்று நிற்கும். பொய் சொல்ல மாட்டேன், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பாட முடியாது. அவர் சுருதியில் எனக்கு மூச்சு முட்டும். என் சுருதியில் அவருக்குத் தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனையில் ஆர்மோனியம் அவருடையது. சபையில் பெரும்பாலும் சோளமும் கடலையும் போடும் குடும்பங்கள். வெயிலில் காடு கழனியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெட்டிப்பட்ட தொண்டைகள். பல்லவியை எல்லோரும் பாடுவார்கள். அனுபல்லவியில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். சரணத்துக்கு வரும்போது அவரும் முன்வரிசையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரும் மட்டும்தான் பாடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

"வாத்தியார் என்னமாப் பாடுறாரு" என்று வெளியே வந்து சொல்வார்கள். அவருக்கு நெஞ்சு நிமிரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டில் பெண்கள் கூடி ஜெபிப்போம். ஆர்மோனியம் கிடையாது. பாட்டை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. முதல் நாள் என்னை அறியாமல் என் சுருதியிலேயே எடுத்துவிட்டேன். பல்லவி முடிந்து அனுபல்லவி போயிற்று, யாரும் நிற்கவில்லை. சரணத்திலும் நிற்கவில்லை. நான் பயந்து நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் எருமைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு எருமைகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் விதவை. கோயிலில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும்விட உரக்கப் பாடினார்.

முடிந்ததும் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "டீச்சரம்மா, எனக்குப் பாட வராதுன்னுல்ல இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபம் குறைந்து பாட்டு கூடியது. களை எடுத்த கையோடு ஓடி வருவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் பாடிக் காட்டுவேன். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் நின்று போக வேண்டும் என்று சேர்ந்தே கண்டுபிடித்தோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று.

எருமைக்காரம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என் வீட்டுக்காரரை மறித்தார்.

"வாத்தியாரய்யா, ஒங்க பொட்டியக் கொஞ்சம் எறக்கி வச்சா நாங்களும் பாடுவோம்ல."

"எறக்கினா பாட்டு தொய்ஞ்சு போகும் அக்கா. எடுப்பா இருக்காது" என்றார் அவர்.

"எங்க டீச்சரம்மா பாடுனா தொய்யலையே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, "நீதான் சொல்லிவிட்டியா?" என்று கேட்டார்.

"நான் சொல்லல. ஆனா அவுக சொன்னது சரிதான்."

"கோயில்ல பாட்டு நாலு தெருவுக்குக் கேக்கணும். மூணு கட்டையில பாடினா வாசலத் தாண்டாது."

"நீங்க ஒருத்தர் பாடினாத் தாண்டாது. அம்புட்டுப் பேரும் பாடினா?"

குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே யோசித்தார். கோபக்காரர் இல்லை. தன் பாட்டின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை, அவ்வளவுதான். கடைசியில், "அறுப்புப் பண்டிகை வருது. அன்னைக்கு உங்க ஆளுக ஒரு பாட்டு பாடட்டும். நீ எடுத்துக் கொடு. நானே மூணு கட்டையில வாசிக்கிறேன். தொய்யுதா இல்லையான்னு எல்லாரும் கேக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சாகப் பட்டது எனக்கு.

அறுப்புப் பண்டிகைக்கு எழுமலைப் பக்கத்துச் சபைகளிலிருந்தும் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்று கோயில் முகப்பில் சோளக்கதிர்க் கட்டுகளும் பூசணிக்காய்களும் கடலை மூட்டைகளும் குவிந்திருந்தன. கால் கட்டிய கோழிகள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தன. ஆராதனை முடிந்து இவையெல்லாம் ஏலம் போகும். ஏலத்துக்காகவே வந்தவர்கள் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் வீட்டுக்காரர் பாடினார். அன்றைக்குக் குரல் அவருக்கு அபாரமாக ஒத்துழைத்தது. வெளியூர்க்காரர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு குருவானவர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் எழுந்து முன்னால் போய் நின்றோம். துவைத்த சேலை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. எருமைக்காரம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஐந்தாம் கட்டையிலிருந்து விரலை எடுத்து மூன்றுக்கு இறக்கினார். சுருதி வந்தது. நான் பல்லவியை எடுத்தேன்.

முதல் வரியை நான் மட்டும் பாடுவதாக ஏற்பாடு. என் குரல் அந்தக் கட்டடத்துக்குள் போய் மோதித் திரும்பி வருவதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். கீழே பாடும் ஆளாக இல்லாமல், மெட்டைப் பாடுகிற ஆளாக. இரண்டாவது வரியில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அனுபல்லவியில் ஏறினோம். யாரும் நிற்கவில்லை. அத்தனை குரலும் ஒரே கனமாக எழுந்தது. வெளியே கோழிகள் அடங்கிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அதை நான் கவனிக்கவில்லை. சரணத்தைத் தொட்டபோது பின்னாலிருந்து ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களும் இத்தனை வருஷமாக வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்கள்தானே. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து வந்து ஜன்னலருகே நின்றார்கள்.

நான் ஆர்மோனியத்தைப் பார்த்தேன். அவர் மெட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு, துருத்தியை அமுக்கியபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து நாங்கள் உட்காரப் போனபோது குருவானவர், "இன்னொரு தரம் பாடுங்க" என்றார். பாடினோம்.

ஏலத்தின்போது எழுமலைக்காரர் ஒருவர் அவரிடம் வந்து, "வாத்தியாரே, அந்தப் பாட்டுக்காரம்மா யாரு?" என்று விசாரித்தார்.

"என் வீட்டுக்காரி" என்றார் அவர். அதோடு விடாமல், "பொண்ணு பாக்கப் போனப்பவே நான் சொன்னேன், மூணு கட்டைன்னு. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றார். நான் பக்கத்தில் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு முதல் முறை மாறியது. முதல் பாட்டு அவருடைய ஐந்து கட்டையில், கேட்பதற்கு. மற்றவை எல்லாம் மூன்று கட்டையில், பாடுவதற்கு. அவர் நாடகப் பாட்டை விடவில்லை. நான் விடச் சொல்லவும் இல்லை. அவருக்குப் பிடித்தது அது.

அதன் பிறகு எங்கள் கூட்டத்தைப் பல ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். சபைக்கு வெளியேயும் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாகும் என்று, "டீச்சர், சும்மா ரெண்டு பாட்டு பாடுங்களேன்" என்றார்கள். பாடினோம். எங்களுக்குத் தெரிந்தவை எங்கள் பாட்டுகள்தான். அவர்கள் இந்துக்கள்தான், ஆனாலும் வேற்று மதப் பாட்டு என்று பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

எழுமலைக்கு முதல் தடவை போனது நன்றாக நினைவிருக்கிறது. காலையில் இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். மழை பெய்து ஓய்ந்த சமயம். இரண்டு பக்கமும் உழுத காடு. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் பேச முடியவில்லை, ஆனால் பாட முடிந்தது. முன்வண்டியில் நான் எடுத்துக் கொடுக்க, பின்வண்டியில் எருமைக்காரம்மா வாங்கிப் பாடுவார். அதற்குள் அவருக்குச் சுருதி என்னைப் போலவே கைவந்திருந்தது.

பாதி வழியில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்தார்.

"எந்த ஊருங்க?"

"உசிலம்பட்டி" என்றார் எருமைக்காரம்மா.

"பாடத்தான் போறீகளா? எம்புட்டுக் குடுக்கிறாக?"

"ஒண்ணும் குடுக்கலப்பா. எங்க ஆசைக்குப் பாடுறோம்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இங்கயும் ஒண்ணு பாடிட்டுப் போங்க" என்றார். வண்டிக்காரரிடம் நிறுத்தச் சொன்னேன். மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. அந்த ஒரு ஆளுக்காக நாங்கள் அத்தனை பேரும் ஒரு முழுப் பாட்டைப் பாடினோம், ஒரு சரணமும் விடாமல்.